சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும்

தம்பி, உன் அத்தானின் காருக்கு நீ வாங்கித் தந்தது நல்ல பொருள். யார் என்ன சொன்னாலும் நான் அப்படித்தான் சொல்வேன்.

அதற்கு முன்பு அந்தப் பழைய காரில் எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுத்தது பாயிண்ட்தான். சனிக்கிழமை காலையில் அவர் பானெட்டைத் திறந்து, பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, மெல்லிய தகடுகள் கோத்த ஃபீலர் கேஜை நுழைத்து இடைவெளியைச் சரிசெய்வார். மூன்று மணி நேரம் ஆகும். அந்த மூன்று மணி நேரமும் வீடு என்னுடையது. அவருடைய நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பேன். வேறொன்றும் செய்ய மாட்டேன்.

"இனிமே பாயிண்டைத் தொடவே வேணாம் அத்தான். சாவியைத் திருகுனா போதும்" என்று நீ அதைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷனை மாட்டிவிட்டுப் போனாய். சொன்னபடியே ஆயிற்று. அடுத்த சனிக்கிழமை அவர் சமையலறைக்கு வந்தார்.

டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கினார். மூன்றாவது வாரம் ஃபீலர் கேஜோடு வந்து அலமாரிக் கதவுகளின் இடுக்கை அளந்தார். ஐந்தாவது வாரம் நான் நறுக்கிய பீன்ஸுக்குப் பக்கத்தில் ஸ்கேலை வைத்தார்.

"ஏம்மா, ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. எதுக்கும் ஒரு முறை வேணாமா?"

நான் கோபப்படவில்லை. இக்னிஷன் பெட்டியோடு வந்த குறிப்புத் தாளை எடுத்துப் படித்தேன். சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் மாற்றிக் கொடுத்தால் கருவி கருகிவிடும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. நன்றாகப் புரியும்படி எழுதியிருந்தார்கள்.

மாற்றிக் கொடுத்தேன். அவர் சாவியைத் திருகினார். வண்டி முனகிவிட்டுப் படுத்துவிட்டது. உன்னை ஃபோனில் திட்ட அவர் உள்ளே போன நேரத்தில், ஒயர்களைப் பழையபடி மாட்டினேன். எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பது என் பழக்கம்.

"மாப்ளே, உன் சாமான் உன்னை மாதிரியேதான்டா இருக்கு. வந்த புதுசுல ஜோர், அப்புறம் அசையவே மாட்டேங்குது" என்று அவர் கத்தியது வாசல்வரை கேட்டது. நீயும் பதிலுக்கு ஏதோ சொல்லிவிட்டாய். அதனால்தான் உன் மகள் கல்யாணத்துக்கு வர மாட்டேன் என்கிறார்.

மறுபடியும் மாட்டப் பழைய பாயிண்ட் வீட்டிலேயே கிடைத்தது அதிர்ஷ்டம் என்கிறார். நீ கழற்றிப் போட்ட அன்றே அதை பிஸ்கட் டப்பாவில் எடுத்து வைத்தவள் நான்.

பாயிண்டை வாராவாரம் திருத்த வேண்டியதில்லை, ஆயிரக்கணக்கான மைல் தாங்கும் என்று முன்பு நீ சொன்னபோது, "எங்க வண்டி ராசி அப்படி" என்றார். ராசி இல்லை தம்பி. வெள்ளிக்கிழமை மாலை அவர் குளிக்கும்போது, நான் பாயிண்டின் ஸ்க்ரூவை அரைச் சுற்று திருப்பி வைப்பேன். பத்தொன்பது வருஷமாக. அவருக்கும் கைக்கு வேலை வேண்டுமே.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை வா. சனிக்கிழமை வேண்டாம், அவருக்கு வேலை இருக்கும். தப்பு உன்மேல்தான் என்று அத்தானிடம் மன்னிப்புக் கேள். தங்கமான மனுஷன், இளகிவிடுவார். கல்யாணத்தில் முன்வரிசையில் உட்காருவார்.

படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு. உண்மையை நானே அவரிடம் சொல்லலாம்தான். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் நான் ஒன்றையும் மறைத்ததில்லை. அந்தப் பெயரை இப்போது போய்க் கெடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.