படிவத்தை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்

புள்ளிவிபரவியலில் பெயில் ஆவது பெரிய குற்றமொன்றும் இல்லை. எங்கள் பட்ச்சில் இருபத்தாறு பேர் ஆனோம். வானம் இடிந்து விழவில்லை. கொட்டாஞ்சேனையில் எங்கள் அம்மா மட்டும் மூன்று செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினார். அந்தோனியார் தொலைந்த சாமான்களைத்தான் கண்டுபிடித்துத் தருவார், எழுதாத விடைகளுக்குப் புள்ளி வாங்கித் தரமாட்டார் என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா கேட்கவில்லை.

மாணவர் சங்கத்தார் புதிய பிள்ளைகளுக்கு ஒரு கையேடு அடிக்கிறார்களாம். ரிப்பீட் பற்றி எழுத என்னை விட்டால் ஆளில்லையாம். "நிலூஷா அக்கா, உங்கட அனுபவத்தில இருந்து எழுதுங்கோ, உள்ளதை உள்ளபடி" என்றார்கள். சரி, உள்ளதை உள்ளபடியே எழுதுகிறேன்.

முதலில் மெடிக்கல். பரீட்சை நாளில் மெய்யாகவே நோயில் படுத்துவிட்டால், மருத்துவச் சான்றிதழைப் பதினான்கு நாளுக்குள் பீட அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். சேர்த்தால் அடுத்த வருடம் எழுதுவதுதான் முதல் தடவை. 'ஏ' எடுத்தால் 'ஏ'தான். சேர்க்காவிட்டால் நீங்கள் பெயில் ஆனவர். அடுத்த வருடம் நூற்றுக்கு நூறு எடுத்தாலும் 'சி'க்கு மேல் கிடையாது. இவ்வளவு விபரமாக நான் இதைப் படித்ததற்குக் காரணம், ஹம்சிகாவின் சான்றிதழ் என் கையில் இருந்ததுதான்.

ஹம்சிகா என் சிநேகிதி, வெள்ளவத்தைப் பிள்ளை. முதலாம் வருடத்திலிருந்து இருவரும் ஒரே வாங்கில்தான் இருந்தோம். மூன்றாம் வருடப் புள்ளிவிபரவியல் பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவளுக்கு டெங்கு. நான் பரீட்சை எழுதிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அவளுடைய அம்மா இரத்தினம்மா அன்ரி சான்றிதழை என்னிடம் நீட்டினார்.

"பிள்ளை, இவளை விட்டிட்டு என்னால அசையேலாது. நீங்கள் ஒருக்கால் குடுத்துவிடுறீங்களே?"

"ஓம் அன்ரி, நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க."

கொடுக்கத்தான் போனேன். பஸ்ஸில் சும்மா இருக்க மூளை விடவில்லை. நான் எழுதின இலட்சணத்துக்கு ரிப்பீட் நிச்சயம். அடுத்த வருடம் இருவரும் ஒரே மண்டபத்தில் ஒரே வினாத்தாளை எழுதுவோம். எவ்வளவு எழுதினாலும் எனக்கு 'சி', அவளுக்கு 'ஏ'. நுளம்பு கடித்தவளுக்கு ஒரு சட்டம், கடிக்காதவளுக்கு ஒரு சட்டமா? எனக்கு எரிந்தது, மறைக்கவில்லை. சிநேகிதம் என்றால் சமமாக இருக்க வேண்டும். பதினைந்தாம் நாள் அன்ரியிடம் போய், அலுவலகம் ஏற்கவில்லை என்று சொன்னேன். அன்ரி அலுவலகத்தைத் திட்டினார். மரியாதைக்கு நானும் சேர்ந்து திட்டினேன்.

பெயில் ஆனவர்களின் பெயர் அடுத்த வருடப் பட்டியலில் தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. துறைத்தலைவரின் கையெழுத்தோடு ரிப்பீட் படிவத்தை முடிவுத் திகதிக்கு முன் கையில் கொடுக்க வேண்டும். உலகமெல்லாம் ஒன்லைனில் பறக்கிறது, எங்கள் படிவம் மட்டும் இன்னும் நடந்துதான் போகிறது. கொடுத்ததற்கு ஒரு துண்டு கிழித்துத் தருவார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள். ஹம்சிகா ஒரு நாளும் என்னிடம் அந்தத் துண்டைக் கேட்டதில்லை.

நாலாம் வருடம் அவள் வெள்ளவத்தையில் ஒரு டியூட்டரியில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். லீவு கிடைக்கவில்லை. "நிலூ, நீ போறதானே, என்ரதையும் குடுத்துவிடன்" என்றாள். நானோ அந்த வருடம் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. அவள் மட்டும் பாஸ் பண்ணிப் போய்விட்டால், அதற்கடுத்த வருடம் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் நான் ஒற்றை அக்காவாகக் குந்தியிருக்க வேண்டும். நினைக்கவே பயமாக இருந்தது. ஆகவே இரண்டு படிவத்தையும் கொடுக்கவில்லை. கவனியுங்கள், இரண்டையும். நான் ஓரவஞ்சனை செய்கிறவள் இல்லை.

அலுவலகத்தில் தொலைத்துவிட்டார்கள் என்று சொன்னேன். அலுவலகத்தில் கடதாசி தொலைந்தது என்றால் இந்த ஊரில் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. ஆனாலும் ஹம்சிகா ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு என்னோடு வந்தாள். கவுண்டரில் இருந்த மஜீட் நானா, பாவம், இரண்டு அலுமாரியையும் கொட்டித் தேடினார்.

"மகள், என்ட கைக்கு வந்த ஒண்டு இதுவரைக்கும் தொலைஞ்சதில்ல. இது வரவே இல்ல போல."

"அப்ப நாங்க பொய் சொல்றமா நானா?" என்று நான் மேசையில் தட்டினேன்.

அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்ததாகப் பிறகு கேள்வி. வெளியே வந்ததும் ஹம்சிகா என்னைக் கட்டிக்கொண்டு, "எனக்காகச் சண்டை பிடிக்க நீ ஒருத்திதானடி இருக்கிறாய்" என்று அழுதாள். என்னை ஒருவரும் அப்படிக் கட்டிப்பிடித்ததில்லை. வீடு போகும்வரை சந்தோஷமாக இருந்தது.

எங்கள் பீடத்தில் மூன்று வருடப் பட்டத்தை ஐந்து வருடத்துக்குள் முடிக்க வேண்டும். ஆகவே ஐந்தாம் வருடம் இருவருக்கும் கடைசி. இந்த முறை நான் படித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுடைய ஃபிளட்டுக்குப் போவேன், அன்ரி தோசை சுடுவார், ஹம்சிகா சொல்லித் தருவாள். மக்குக்குச் சொல்லித் தரத் தனிப் பொறுமை வேண்டும். அவளிடம் இருந்தது. ஒரு ஞாயிறு, பேனையை மூடிக்கொண்டே சொன்னாள்: "ரிசல்ட் வந்த உடனே மெல்பேர்ண் போறன் நிலூ. அங்க இருக்கிற சயந்தன் அண்ணா எல்லாம் ரெடி பண்ணிட்டார். டிகிரி சேர்டிபிகேட் ஒண்டுதான் பாக்கி."

சிரித்துக்கொண்டு சொன்னாள். நான் என்ன செய்வேன் என்று அவளும் கேட்கவில்லை, அன்ரியும் கேட்கவில்லை. அந்த வருடமும் இரண்டு பேரின் படிவமும் என் கையில்தான் இருந்தன. என்னுடையதை மட்டும் கொடுத்தேன்.

பரீட்சையன்று பட்டியலில் அவள் பெயர் இல்லை. மண்டப வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். மணி அடித்துவிட்டதால் நான் உள்ளே போனேன். நாலாம் கேள்வி அவள் சொல்லித் தந்த அதே கணக்கு. நாற்பத்திரண்டு புள்ளி எடுத்தேன், பாஸ். இந்த முறையும் மஜீட் நானாதான் தொலைத்தார் என்று அவளாகவே முடிவுகட்டிவிட்டாள்; நான் வாயே திறக்கவில்லை.

இப்போது மெல்பேர்ண் கதை இல்லை. பின்னேரங்களில் வெள்ளவத்தைக் கடற்கரையில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், கல்லில் இருந்து கதைப்போம். "நீயும் இல்லாட்டி எனக்கு விசர் பிடிச்சிருக்கும்" என்கிறாள். கண்ணைத் துடைக்க என் லேஞ்சியைக் கொடுப்பேன். என்னைக் குறை சொல்ல நினைப்பவர்கள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும்: மற்ற இருபத்துநாலு பேரில் எத்தனை பேர் அவளோடு வந்து இருக்கிறார்கள்?

கடைசியாக, ஐந்து வருடம் முடிந்தவர்களும் மனம் தளர வேண்டாம். பீடாதிபதிக்கு மேன்முறையீடு செய்யலாம், ஒரேயொரு தடவை. ஹம்சிகா எழுதிவிட்டாள். இரண்டு பக்கம், அருமையாக எழுதியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை மூன்று மணிவரைதான் ஏற்பார்கள். கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்திருக்கிறாள்.

அதனால் சங்கத்தாரிடம் ஒரு சின்ன வேண்டுகோள். கையேட்டை வெள்ளிக்கிழமை கழிந்த பிறகு வெளியிடுங்கள். அதற்கு முன்னம் வாசித்தால் ஹம்சிகா மனம் உடைந்துபோவாள். அவள் அழுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.