இருபத்தோராவது தட்டு

"அலோ... ம்... சொல்லுங்க மாப்ள... ஆமா, நான்தான். என் போன வேற யாரு எடுப்பா... கேக்குது, கேக்குது. கத்தாதீங்க."

புவனேந்திரன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டான். சடங்கு நடந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இந்த அழைப்புக்காகத்தான் காத்துக்கிடந்தான். அந்தப் பக்கம் நியாலாஸிலிருந்து பேசுவது வீரப்பன், தங்கச்சி புருஷன்.

"என்னா, படம் வரலியா... புது கம்ப்யூட்டர் மாப்ள அது. ஒவ்வொரு சாமானா நானே பாத்து வாங்கி, என் கையால மாட்டினது... ஆமா... ஆமாம்லா, கடையில ஓட்டிப் பாத்துட்டுத்தான் கொண்டாந்தேன். கண்ணாடி மாதிரி படம் வந்துச்சு... அப்ப என் மேல தப்புங்கறீங்க... இல்ல, அதானே சொல்ல வர்றீங்க."

படம் வராது என்பது அவனுக்குத் தெரியும். நோயும் தெரியும், மருந்தும் தெரியும். தங்கச்சி மகள் திவ்யதர்ஷினியின் சடங்குக்குத் தாய்மாமன் சீராக நகை வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டும் என்று பிள்ளை வாய்விட்டுக் கேட்டிருந்தது. மலாக்கா டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற மாமனுக்கு அதைவிடப் பெருமை என்ன வேண்டும். பார்த்துப் பார்த்துச் செய்தான். சீர்த்தட்டு ஒற்றைப்படையில் போக வேண்டும். பழம், பலகாரம், பட்டுப்பாவாடை எல்லாம் சேர்த்து எண்ணினால் இருபதுதான் வந்தது. படத்தைத் திரைக்கு அனுப்புகிற கிராபிக்ஸ் கார்டோ கனத்த சாமான். வண்டி குலுங்கினால் ஒடிந்துவிடும், கழற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அதைப் பெட்டியோடு தனித் தட்டில் வைத்தான். இருபத்தொன்று ஆயிற்று. சடங்கு முடிந்ததும் மாட்டிக் கொடுப்பதாக ஏற்பாடு. அதற்காக ஒரு ஸ்க்ரூடிரைவரைக்கூட, பத்திரமாக வைத்திரு என்று தங்கச்சி திலகவதியின் கையில் கொடுத்திருந்தான்.

ஏற்பாடெல்லாம் சடங்கு நடந்த பாலாய்ராயா மண்டபத்தின் வாசலோடு போயிற்று. சொந்தபந்தத்தோடு தட்டேந்தி அவன் வெயிலில் நிற்கிறான், உள்ளே மைக்கில் டத்தோ பட்டம் வாங்கின யாரோ ஒரு பெரிய மனிதரைக் கூப்பிட்டுப் பிள்ளைக்கு முதல் மாலையைப் போடச் சொல்கிறார்கள். தாய்மாமன் போட வேண்டிய மாலை. வீரப்பன் பல்லைக் காட்டிக்கொண்டு டத்தோ பக்கத்தில் நிற்கிறார். புவனேந்திரன் தட்டுகளை இறக்கி வைத்தான், கை நனைக்காமல் கிளம்பிவிட்டான். காரில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். மனைவி அகல்யா கடைசியாக ஓடி வந்தாள். சீர்த்தட்டு வெறுந்தட்டாகத் திரும்பக் கூடாதே, அந்த அவசரத்திலும் திலகவதி ஒரு தட்டில் ஏதோ வைத்து மஞ்சள் துணியில் முடிந்து அவளிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். "அந்த வீட்டுச் சாமானை யாரும் பிரிக்கக் கூடாது" என்று சொல்லி அதைத் தையல் மிஷினுக்கு அடியில் தள்ளிவிட்டான்.

தப்புதான் மச்சான் என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், அடுத்த நிமிடம் நியாலாஸுக்கு வண்டியை எடுப்பான். அது வருகிற வரைக்கும் மாப்பிள்ளை கொஞ்சம் வேர்க்கட்டும்.

"சரி, லைட் எரியுதா... உள்ள காத்தாடி சுத்துதா... ம், ம்... மானிட்டர்ல என்னா போட்டிருக்கு... நோ சிக்னலா. ஆமா, ஆமா. முறை தெரியாத எடத்துல அது அப்படித்தான் போடும்... ஒண்ணும் சொல்லலலா, தானாப் பேசினேன்... கேபிள கழட்டி மறுபடி குத்துங்க... ரெண்டு பக்கமும்... நல்லா அழுத்தி... இன்னும் கொசோங்கா? ஒண்ணுமே இல்லையா?... அப்ப பக்கத்துக் கண்ணாடியத் தொறங்க... உள்ள குச்சி மாதிரி ரெண்டு நிக்கும் பாருங்க, ராம். அதப் புடுங்குங்க... நான் சொல்றதச் செய்யறீங்களா, இல்ல அந்த டத்தோவுக்குப் போன் போட்டுக் கேக்கறீங்களா."

சமையலறையிலிருந்து அகல்யா எட்டிப் பார்த்தாள். யாரிடம் பேச்சு என்று தெரிந்ததும் கரண்டியோடு அங்கேயே நின்றுவிட்டாள்.

"புடுங்கிட்டீங்களா... திவ்யா பையில ரப்பர் இருக்கும். பென்சில் அழிக்கிற ரப்பர்லா... அந்த மஞ்சக் கால்ல தேயுங்க... இன்னும்... இன்னும் நல்லா. என்னா அவசரம்... மூச்சு வாங்குதா? பரவால்ல, தேயுங்க."

ரப்பர் வைத்தியம் பொய்யில்லை, பழைய கம்ப்யூட்டர்களுக்குக் கடையில் அவனே செய்வதுதான். ஆனால் இதற்கு அது, கால்வலிக்குக் காதில் மருந்து ஊற்றுகிற கதை. வீரப்பன் முட்டி போட்டுத் தேய்ப்பதை நினைக்க நினைக்க அவனுக்கு வயிறு குளிர்ந்தது.

"இப்பவும் வரலியா... என்னது... யாரு சொன்னா பழைய சாமான்னு... உங்க தம்பியா... மாப்ள, வார்த்தைய அளந்து பேசுங்க. என் தங்கச்சி புள்ளைக்கு நான் பழைய சாமானப் போட்டு ஏமாத்துவேனா... ஓ, ஊரே சிரிக்குதா. அன்னிக்கு என்னப் பாத்துச் சிரிச்சிச்சே, அது உங்களுக்குக் கேக்கலியா... ஆமா, பேசுவேன். ஏன் பேசக்கூடாது... கோயிலுக்கு ஓடு போட்டுக் குடுத்தாரா? குடுக்கட்டும்லா, கும்புட்டுக்குங்க. அதுக்காக அவரு தாய்மாமனா... மைக்குக்காரன் தப்பா. நீங்க எங்க நின்னீங்க அப்போ? நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்... இல்ல, நான் விடமாட்டேன்... என்னா... என்னா சொன்னீங்க. திருப்பிச் சொல்லுங்க."

புவனேந்திரன் எழுந்து நின்றான்.

"வேன்லயா... எத ஏத்தறீங்க... மாப்ள, அது சீரு. கடையில வாங்குன சாமான் இல்ல, திருப்பிக் கொண்டாந்து போடறதுக்கு... என் வீட்டு வாசல்ல எறக்கி வச்சிருவீங்களா... திலகாவுக்குத் தெரியுமா இது... அவகிட்ட குடுங்க போன... குடுக்க மாட்டீங்களா."

சீரைத் திருப்பி அனுப்புவதென்றால், இந்தப் பெண்ணுக்குப் பிறந்த வீடு இல்லை என்று ஊரறியச் சொல்வது. அதற்கப்புறம் நல்லதுக்கும் அழைப்பு இல்லை, கெட்டதுக்கும் சேதி இல்லை. திலகவதி அண்ணன் வீட்டு வாசற்படியை மறந்துவிட வேண்டியதுதான். அவனுக்குக் கூடப்பிறந்தது அவள் ஒருத்திதான். பயமாக இருந்தது.

"இருங்க, இருங்க. ஏத்தாதீங்க... கோளாறு என்னான்னு சொல்றேன்... ஆமா. முன்னமே தெரியும்... ஆமா, தெரிஞ்சுதான் தேய்க்கச் சொன்னேன்... சரி, திட்டுங்க... ம்... ம்... திட்டி முடிச்சீங்களா. இப்ப கேளுங்க. அதுல ஒரு கார்டு இன்னும் மாட்டல. அது இல்லாம படம் வராது. தனித் தட்டுல வந்துச்சே, கறுப்புப் பெட்டி. மேல காத்தாடி படம் போட்டு... பாத்ததே இல்லையா... நல்லாத் தேடுங்க. சீர்ப் பொருளெல்லாம் எங்க வச்சிருக்கு... அலமாரி மேல... கட்டிலுக்கு அடியில... எப்படி இல்லாமப் போவும். நான் தூக்கிட்டு வந்தேன் மாப்ள, என் கையால எறக்கி வச்சேன். அதுக்குக் காலா மொளைச்சிருக்கு... தட்ட வாங்கி உள்ள அடுக்கினது யாரு. உங்க ஆளுங்கதானே... நான் அப்படிச் சொல்லல... சொல்லலங்கறேன்... என் புத்தியா? என் புத்தியப் பத்திப் பேசறீங்களா? சரி, அப்ப சொல்றேன். திருட்டுதான். உங்க வீட்டு ஆளு எவனோ எடுத்து வித்துத் தின்னுட்டான். போதுமா... ஏத்துங்க. நல்லா ஏத்துங்க வேன்ல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. சிந்தின பாலை அள்ள முடியாது. அந்தப் பக்கம் வீரப்பன் போட்ட சத்தத்தில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

அகல்யா கரண்டியை வைத்துவிட்டு நேராகத் தையல் மிஷினுக்குப் போனாள். குனிந்து அந்த மஞ்சள் துணித் தட்டை இழுத்தாள், அவன் கண்ணெதிரிலேயே முடிச்சை அவிழ்த்தாள். வாடின வெற்றிலை, கறுத்துப்போன வாழைப்பழம், ஒரு பொட்டலம் அதிரசம். அதற்குக் கீழே கறுப்புப் பெட்டி, சந்தனப் பொட்டு வைத்தபடி. பெட்டியின் மேல் அவனுடைய ஸ்க்ரூடிரைவர்.

"இருக்கேன்... லைன்லதான் இருக்கேன்."

துணியைப் பழையபடி முடிந்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று ஒரு நினைப்பு வந்தது. அகல்யா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். அந்த நினைப்பு போய்விட்டது.

"மாப்ள... கொஞ்சம் நிறுத்துங்க. பெட்டி இங்க இருக்கு... என் வீட்டுல... ஆமா, என் வீட்டுலதான். நீங்க குடுத்தனுப்புன தட்டுல. நான் பிரிக்கவே இல்ல, கோவத்துல அப்படியே போட்டுட்டேன்... ஆமா... ஆமா, திருட்டுன்னு சொன்னேன்... உங்க தங்கச்சிங்க காதுலயும் விழுந்துச்சா... யாரும் எடுக்கல. யாரும் விக்கல. தப்புதான் மாப்ள."

யாரிடமிருந்து வர வேண்டுமென்று காத்திருந்தானோ, அந்த வார்த்தை அவன் வாயிலிருந்தே வந்துவிட்டது. அந்தப் பக்கம் போன் கைமாறுகிற சத்தம் கேட்டது.

"யாரு... திலகாவா... ம்... ம்... நீயா வச்ச... தெரிஞ்சேவா வச்ச? நான் யாரோ தெரியாம வச்சிட்டாங்கன்னு... ஆமா, ஸ்க்ரூடிரைவரும் இருக்கு. உன் கையில குடுத்ததுதானே, அதப் பாத்ததுமே எனக்குத் தோணியிருக்கணும்... வீட்டுக்குப் போனதும் பிரிப்பேன்னா... பிரிச்சா, மாட்டறதுக்காவது ஓடி வருவேன்னு... அழாத... அழாத திலகா. நான் பிரிக்கல. மாடு மாதிரி மொறைச்சிக்கிட்டுக் கெடந்தேன்... அதிரசம் கெட்டுப் போகல, இருக்கு... மாப்ளகிட்ட ஏன் சொல்லல நீ... ஓ... தெனமும் வாசலப் பாத்துக்கிட்டா இருந்த?"

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அகல்யா பார்க்காதபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"சரி, குடு அவர்கிட்ட... சொல்லுங்க மாப்ள... இல்ல, நீங்க வராதீங்க. நான் வர்றேன். இப்பவே வர்றேன்... திட்டறத நேர்ல வச்சுக்கிட்டுத் திட்டுங்க... ஆமா, உங்க தங்கச்சிங்க முன்னாலயே கேட்டுக்கறேன்... என்னா... மாட்டினதும் கெளம்பக் கூடாதா... கை நனைக்காம வாசல்படி எறங்கக் கூடாதா... கடையில தாப்பாவ் கட்டி வாங்குன சோறா, திலகா ஆக்குன சோறா... அப்ப சரி. சாப்புடறேன்... சாப்புடறேன்னு சொல்றேன்லா. ஆனா ஒண்ணு, அந்த மாலை விசயத்த நான் மறக்க மாட்டேன்... நீங்களும் இத மறக்க மாட்டீங்களா. நல்லது, மறக்காதீங்க."

வைத்துவிடப் போனான். அந்தப் பக்கம் இன்னும் ஏதோ வந்துகொண்டிருந்தது. முதலில் அவனுக்குப் பிடிபடவில்லை.

"பெட்டிய எப்படிக் கொண்டாரணும்... தட்டுலயா... துணி மூடி... கையில ஏந்திக்கிட்டா... அந்த ஒத்தப் பெட்டிக்கா... ம்... யாரு வாங்குவா... நீங்களா... நீங்களே வாசல்ல வந்து நிப்பீங்களா... நான் வர்ற வரைக்கும்?"

அகல்யா பழைய வெற்றிலையைத் தூக்கிப் போட்டுவிட்டு, புது வெற்றிலை எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தாள். புவனேந்திரன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான். தார் ரோடு பளபளவென்று காய்ந்துகொண்டிருந்தது.

"இங்க டுரியான் துங்கால்லேர்ந்து வரணும் மாப்ள, நேரமாவும்... வெயிலு மண்டையப் பொளக்குது... பரவால்லயா?... சரி, நில்லுங்க. நானும் நின்னவன்தான்... அலோ... அலோ..."

வீரப்பன் போனை வைத்துவிட்டிருந்தார்.