ஏழாம் நம்பர் வீட்டு வால்வு

இன்னும் கிட்ட வந்து உக்காருங்கம்மா. மோட்டார் ஓடுதுல்ல, தூரத்துல இருந்தா கத்தணும். கத்தினா ஆபீஸ் ரூம்ல மூர்த்திக்குக் கேக்கும். கோர்ட்டு அனுப்பின வக்கீலம்மா கிட்ட வாட்டர்மேன் திம்மராயன் என்ன சொன்னான்னு சாயங்காலத்துக்குள்ள காலனி பூரா பேச்சாயிடும்.

ஏழாம் நம்பரு பொற்கொடிதானே? தெரியாம என்ன. சிங்காரப்பேட்டைப் பக்கத்துப் பொண்ணு. சிப்காட்டுல ஒயர் கம்பெனில வேல. புருஷன் லாரில போறவன், மாசத்துல ஆறு நாள் வீட்ல இருந்தா பெரிசு. கைக்குழந்த ஒண்ணு.

இந்தக் காலனி அரசாங்க நெலத்துல தொழிலாளிங்களுக்குன்னே கட்டுனதும்மா. வாடகை நானூத்தம்பதுக்கு மேல வாங்கக் கூடாதுன்னு கேட்டுலயே போர்டு இருக்குது. சங்கத்துச் செக்ரட்டரி மூர்த்தி அதுமேல பொங்கல் வாழ்த்து பிளெக்ஸ் கட்டுனான், ஆடி வந்தும் அவுக்கல. காத்துல ஒரு மூல பிஞ்சு தொங்குச்சு. அந்தச் சந்துல இவ படிச்சிட்டா.

மத்தவங்க ஆயிரத்து நூறு குடுத்துட்டு வாய மூடிட்டிருந்தாங்க. இவ போயி, சார், போர்டுல போட்டதுதான் தருவேன், ரசீது குடுங்கன்னா. ரசீத வச்சு என்னம்மா, கொழம்பா வைக்கப் போறன்னு சிரிச்சான். அடுத்த மாசம் வாடகையவே கையில வாங்கல. எதுக்குங்கறீங்க? நாலு மாசம் வாங்காம இருந்துட்டு, வாடகையே தரலன்னு கேஸ் போட்டு வெளிய தள்றதுக்கு.

இவ லேசுப்பட்டவளா? மாசம் பொறந்தா மூர்த்தி பேருக்கு மணியார்டர். போஸ்ட்மேன் அண்ணாதுரை கொண்டாந்து நீட்டுவான், இவன் மூஞ்சியத் திருப்பிக்குவான். வாங்க மறுத்தார்னு எழுதித் திரும்பிப் போவும். அந்தத் தாள எல்லாம் இவ பீரோல வச்சிகிட்டா.

அப்பறம்தான் தண்ணி நின்னுச்சு.

ஆமாங்கம்மா, ஏழாம் நம்பருக்கு மட்டும். பைப்புல அடைப்பும்மான்னு நான்தான் சொன்னேன். சரிங்கன்னு போயிட்டா. ஷிப்ட் முடிஞ்சு வந்து, இடுப்புல கொழந்த, தலையில குடம், ரோட்டு பம்புல இருந்து மாடிக்கு ஏறுவா. எங்க வீட்டுக்காரி கெம்பம்மா பாத்துகிட்டே இருந்தா. ஒரு நாள் சோறு போட்டவ தண்ணி வைக்கல. எங்கடின்னேன். பைப்புல அடைப்புன்னா.

சிரிக்கிறீங்க. நான் பாதிச் சோத்துல எந்திரிச்சுட்டேம்மா.

அன்னிக்கே யாருக்கும் தெரியாம வால்வத் தெறந்துட்டேன். தண்ணி நின்ன இருபத்து மூணாம் நாளு.

மூடுனது யாரா? ஏம்மா, சாவி யாரு இடுப்புல தொங்குது? மூர்த்தி சொன்னான், மூடுனேன். இந்த ஷெட்டுல நாங்க இருக்கறது அவன் வாய் வார்த்தையில. மூடலன்னு நான் கோர்ட்டுல சொன்னா அவ கேஸு தோத்துத் தெருவுல நிப்பா. மூடுனேன்னு சொன்னா நானும் கெம்பம்மாவும். பத்து நாளாத் தூக்கம் இல்ல.

அவ கோர்ட்டுல என் பேரச் சொல்லவே இல்லியா? வாட்டர்மேனக் கேட்டுக்குங்கன்னு மட்டும்தானா?

வால்வு தெறந்த அடுத்த வாரம் அண்ணாதுரை வந்தான். எனக்கு மணியார்டராம். நமக்கு யாருப்பா அனுப்புவாங்கன்னு கையெழுத்துப் போட்டேன், இருபது ரூபா குடுத்தான். அனுப்புனது ஏழாம் நம்பரு! நாப்பது அடி தூரம்மா, கையில குடுக்கக் கூடாதா? கூப்பன்ல என்னடா எழுதிருக்குதுன்னேன். படிச்சுச் சொல்லிட்டு, என் மூஞ்சியப் பாக்காம சைக்கிள எடுத்துட்டுப் போயிட்டான். நான் கையெழுத்துப் போட்ட சீட்டு அவளுக்குப் போயிடும்மா, அதுல ரூபா மட்டும்தான் இருக்கும். எதுக்குங்கறது என்கிட்ட இருக்கற கூப்பன்லதான். அடுப்பு வரைக்கும் எடுத்துட்டுப் போனேன், கை வரல.

இந்தாங்க, வச்சிக்குங்க. எனக்குப் படிக்கத் தெரியாது, ஒரு தடவ கேட்டதுதான். பெரியப்பா, மூர்த்தி சார் சொல்லி மூடுன வால்வ நீங்களாவே தெறந்து விட்டதுக்குக் கூலி. கிழிக்கணும்னா கிழிச்சுப் போட்டுடுங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்னு எழுதிருக்கா.