இருபத்தொண்ணாம் தேதி காலியா இருக்கு

அண்ணன்: ...நல்லவேளை, கார்டு அடிக்கிறதுக்கு முன்னாடி பாக்கக் கூப்பிட்ட. இங்க பாரு, இருபத்தெட்டுன்னு விழுந்திருக்கு.

தங்கச்சி: தப்பு இல்லண்ணா.

அண்ணன்: இருபத்தொண்ணு! இந்த பிரஸ்ல ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் கார்டு போடுற, சொந்தக் கல்யாணத் தேதி மறந்துபோச்சா?

தங்கச்சி: மறக்கல. ஒரு வாரம் தள்ளி வெச்சிருக்கோம்.

அண்ணன்: எதுக்கு?

தங்கச்சி: ஹால்ல ஏதோ கரண்ட் பிரச்சனையாம்...

அண்ணன்: எந்த ஹால்ல?

தங்கச்சி: நம்ம ஹால்லதான்.

அண்ணன்: அந்த ஹாலுக்கு வயர் இழுத்ததே நான்தான்.

தங்கச்சி: ஐயோ, அதை மறந்துட்டேன்.

அண்ணன்: பொய் சொல்றதுன்னா எலெக்ட்ரீஷியன்கிட்ட கரண்டைப் பத்திச் சொல்லாதம்மா.

தங்கச்சி: சிரிக்காத.

அண்ணன்: சிரிக்கல. நிஜமாத்தான் கேக்குறேன்... மாப்பிள்ளையைப் பிடிக்கலையா? இப்பவே சொல்லிடு, அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்.

தங்கச்சி: ஐயோ, வாயைக் கழுவு! ரொம்பப் பிடிச்சிருக்கு. இரும்புக் குருவி பாட்டு சத்தமா இருக்குன்னு ஒரு தடவை சொன்னாரு. அதைத் தவிர ஒரு குறையும் இல்ல.

அண்ணன்: ராக் பேண்டுன்னா சத்தமாத்தான் இருக்கும். தாலாட்டா பாடுவாங்க?

தங்கச்சி: அதையேதான் நானும் சொன்னேன்... ஆமா, குருவிங்க எந்தெந்த ஊருக்குப் போறாங்கன்னு பட்டியல் விட்டாங்களே, பாத்தியா?

அண்ணன்: பாத்தேன். பன்னெண்டு ஊரு. நம்ம ஊரு இல்ல.

தங்கச்சி: நடுவுல ஒரு தேதி காலியா இருக்கு. இருபத்தொண்ணு.

அண்ணன்: தூங்குறதுக்கா இருக்கும். அவங்களும் மனுஷங்கதானே, டிரம்ஸ் அடிச்சு கை வலிக்காதா?

தங்கச்சி: நீயா பேசுற? எங்க ஊருக்கு ஒரே ஒரு தடவை வாங்கன்னு மாசம் தவறாம லெட்டர் போட்ட ஆளு!

அண்ணன்: பதினொரு வருஷம் போட்டாச்சு. அத்தைக்கு மீசை முளைக்கட்டும், அப்புறம் சித்தப்பான்னு கூப்பிடலாம்.

தங்கச்சி: பதினொரு வருஷம் முன்னாடி பக்கத்து ஊருக்கு வந்தாங்கல்ல...

அண்ணன்: பழைய கதை. விடு.

தங்கச்சி: உன் கையில டிக்கெட் இருந்துச்சு. அன்னைக்குப் பாத்து எனக்குக் குடல்வால் ஆபரேஷன்.

அண்ணன்: விடுன்னு சொன்னேன்ல.

தங்கச்சி: டிக்கெட்டை யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டு, ஆஸ்பத்திரி ஸ்டூல்ல ரெண்டு ராத்திரி உக்காந்திருந்த. அதுக்கப்புறம் எத்தனை சண்டை போட்டிருக்கோம்... ஒரு தடவைகூட நீ சொல்லிக் காட்டினதில்ல.

அண்ணன்: சொல்லிக் காட்ட என்ன இருக்கு? டிக்கெட்னா இன்னொண்ணு வாங்கலாம், தங்கச்சின்னா... சரி, அது கெடக்கட்டும். இருபத்தொண்ணுன்னு மாத்திப் போடு.

தங்கச்சி: ஒரு வாரம் தள்ளினா உனக்கு என்னண்ணா? அந்தத் தேதியையே பிடிச்சுத் தொங்குற.

அண்ணன்: இருபத்தெட்டு எனக்கு வேலை இருக்கு.

தங்கச்சி: எங்க?

அண்ணன்: மைதானத்துல.

தங்கச்சி: மூணு வாரமா அங்கேயேதான் கெடக்குற. என்னதான் நடக்குது அங்க?

அண்ணன்: புல்லு வெட்டுறாங்க.

தங்கச்சி: புல்லு வெட்ட எலெக்ட்ரீஷியன் எதுக்கு?

அண்ணன்: ...பெரிய புல்லு.

தங்கச்சி: அண்ணா!

அண்ணன்: நீ மட்டும்? உள்ள அந்தப் பெரிய மிஷினைத் துணி போட்டு மூடி வெச்சிருக்கீங்க. என்னன்னு நான் கேட்டேனா?

தங்கச்சி: அதான், ஏன் கேக்கல? மூடியிருந்தா தூக்கிப் பாக்காம இருக்க மாட்டியே.

அண்ணன்: கேட்டா நீ சொல்லுவ. சொன்னா உன் வேலை போயிடும்.

தங்கச்சி: வேலை போகும்னு உனக்கு யாரு சொன்னா?

அண்ணன்: ...பொதுவா சொன்னேன்.

தங்கச்சி: வெளிய சொல்ல மாட்டேன்னு உன்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டாங்களா?

அண்ணன்: எனக்கு ஒண்ணும் தெரியாது. உன் கல்யாணம் சாயங்காலம் ஆறு மணிக்கு. அங்க ஆறு மணிக்கு எவன் என்ன ஆரம்பிச்சா நமக்கென்ன?

தங்கச்சி: அங்க ஆறு இல்ல, ஆறரை.

அண்ணன்: ஆறரையா?

தங்கச்சி: ஐயையோ.

அண்ணன்: நான் ஒண்ணும் கேக்கல.

தங்கச்சி: நானும் ஒண்ணும் சொல்லல.

அண்ணன்: ...போஸ்டர் நல்லா வந்திருக்கா?

தங்கச்சி: குருவியில பாடுற தாடிக்காரர் மூஞ்சி மட்டுமே ஆள் உயரத்துக்கு! இருபத்தொண்ணு, நம்ம ஊரு மைதானம்னு கீழ படிச்சதும் அழுதுட்டேண்ணா. ஓடி வந்து முதல்ல உன்கிட்டதான் சொல்லணும்னு இருந்துச்சு.

அண்ணன்: எனக்கு மட்டும்? மேடைக்குக் கம்பம் நட்ட அன்னைக்கு உனக்கு ஃபோன் போட எடுத்து எடுத்து வெச்சேன்.

தங்கச்சி: தெரிஞ்சா நான் கல்யாணத்தைத் தள்ளிடுவேன்னு பயந்துட்ட. அதானே?

அண்ணன்: தள்ளிட்டு நிக்கிறியே, பாவி.

தங்கச்சி: அன்னைக்கு மேடை கரண்ட் யார் பொறுப்பு?

அண்ணன்: என்னோடதா இருந்துச்சு.

தங்கச்சி: இருந்துச்சுன்னா?

அண்ணன்: அவங்க நிக்கிற இடத்துலேருந்து பத்தடிதான். பாட்டு முடியுற வரைக்கும் அங்கேயே இருக்கணும்னாங்க... நேத்து வேற ஆளுக்கு மாத்தி விடச் சொல்லிட்டேன். தங்கச்சி கல்யாணம்னேன். அவங்க இன்னொரு தடவை வருவாங்க. நீ கார்டை மாத்து.

தங்கச்சி: மாத்த முடியாது. காலையிலேயே எல்லாக் கார்டும் அடிச்சு முடிச்சாச்சு. எதுக்குத் தள்ளணும்னு அம்மா கேட்டாங்க, அண்ணனுக்காகன்னேன்... அதுக்கு மேல அம்மாவும் கேக்கல, அவரும் கேக்கல. ரெண்டு பேரும் இப்ப மூணாவது தெருவுல வீடு வீடா குடுத்துட்டு இருக்காங்க. நீ இங்க நிக்காத, மைதானத்துக்கு ஓடு. உனக்குப் பதிலா வர்ற ஆளு இன்னும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டான்!