ஜன்னல் சீட்டுக்காரருக்கு வைஃபை வேண்டாம்

— தண்ணி மட்டும் போதும்மா. அந்த வைஃபை எல்லாம் எனக்கு வேணாம்.

— விவரம் கேட்டுட்டு வேணாம்னு சொல்லுங்க சார். மெசேஜ் மட்டும்னா சின்ன பேக். படம் பாக்கணும், வேலை பாக்கணும்னா பெரிய பேக். விமானம் இறங்க இன்னும் நாலு மணி நேரம் இருக்கு, அது வரைக்கும் ஓடும்.

— பெரிய பேக் எவ்வளவு?

— இந்த அட்டையில போட்டிருக்கு பாருங்க.

— யம்மா! இந்தக் காசுக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கி, அது தேயற வரைக்கும் நடப்பேனே நான்.

— எல்லாரும் இப்படித்தான் சார் சொல்வாங்க. அப்புறம் அவங்களே மணி அடிச்சுக் கூப்பிடுவாங்க.

— நான் மணி அடிச்சா தண்ணிக்காகத்தான் இருக்கும். நீங்க அடுத்த ஆளைப் பாருங்கம்மா, உங்க வியாபாரத்தை ஏன் கெடுக்கணும்.

— சரிங்க சார்.

— சார், பக்கத்து சீட்டுல உக்காந்துக்கிட்டு குறுக்க பேசறேன்னு நினைக்காதீங்க. நான் வாங்கியிருக்கற பேக்ல ரெண்டு போன் போடலாம். என்கிட்ட ஒண்ணுதான் இருக்கு. இன்னொரு இடம் சும்மா கிடக்குது. நீங்க போட்டுக்குங்க, காசெல்லாம் வேணாம்.

— அய்யோ, இருக்கட்டும்மா. கேட்டதே பெருசு.

— ஆக்சுவலா எனக்கு இதுல ஒரு நஷ்டமும் இல்ல.

— அது புரியுதும்மா. என் கண்ணாடி மேல பெட்டிக்குள்ள மாட்டிக்கிச்சு. அது இல்லாம எழுத்து தெரியாது.

— கண்ணாடி உங்க நெத்தி மேல இருக்கு சார்.

— அட. இது... இது தூரத்துக்கு.

— பரவாயில்ல, போனைக் குடுங்க. நானே போட்டுத் தர்றேன்.

— அதுல சார்ஜ் கொஞ்சம்கூட இல்ல.

— சீட்டுக்கு அடியில பாயிண்ட் இருக்கு. என் ஒயர் உங்க போனுக்கும் சேரும்.

— பாருங்க, நீங்க விடாக்கண்டன்னா நான் கொடாக்கண்டன். என்ன வேலை பாக்கறீங்க நீங்க?

— ஆடிட்டர். கம்பெனிக்கு ஊர் ஊரா கிளை இருக்கு, போய்க் கணக்கு பாக்கறது.

— அதானே பாத்தேன். நான் லிஃப்ட் மெக்கானிக். கதவு மூடிக்கிட்டா திறக்கறது என் வேலை. நீங்க மூடின ஆளையே திறக்கப் பாக்கறீங்க.

— லிஃப்டுல மாட்டிக்கிட்டவங்களை வெளிய எடுப்பீங்களா?

— எடுக்கறது கடைசியிலதாம்மா. அதுக்கு முன்னாடி பேசறதுதான் பெரிய வேலை. உள்ள ஒரு பட்டன் இருக்கும், அமுக்கினா எங்களுக்கு வரும். "வந்துட்டே இருக்கேன், பயப்படாதீங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, நான் டிராஃபிக்ல நின்னாக்கூட உள்ள இருக்கறவங்க அமைதியா இருப்பாங்க. அந்தக் குரல் வரலைன்னாதான் கதவைப் போட்டு உதைப்பாங்க. ஒரு தடவை ஒரு அம்மா உதைச்ச உதைக்கு, கதவைச் சரி பண்ண ரெண்டு நாள் ஆச்சு.

— பாத்தீங்களா? அதுக்குத்தான் நான் வைஃபை வாங்கறேன். இதுவும் மூடின டப்பாதானே? வெளியில இருந்து யாராவது பேசிட்டே இருக்கணும்.

— நீங்களும் ஏறினதுல இருந்து தட்டிட்டே இருக்கீங்க. ஆபீஸா?

— ஆபீஸ், வீடு, எல்லாம்தான். ஒரு நிமிஷம் சும்மா விட மாட்டாங்க.

— குடுத்து வெச்சவங்க.

— நீங்க வேற. தொல்லை சார் அது.

— அப்படியும் ஒரு தொல்லை வேணும்மா.

— உங்களைக் கூட்டிட்டுப் போக யாராவது வருவாங்கல்ல? விமானம் அரை மணி நேரம் லேட்டுன்னு அவங்களுக்குச் சொல்ல வேணாமா?

— வருவான். என் பையன் வருவான்.

— அங்கேயா இருக்காரு?

— அங்கதான். ரொம்ப வருஷமா.

— அப்ப ஒரு வரி போடுங்க சார். பாவம், வந்து காத்துக்கிட்டு நிப்பாரு.

— வேணாம்மா.

— தப்பா எடுத்துக்காதீங்க. கணக்குல ஏதோ இருந்தாதான் ஃபைலைக் குடுக்க மாட்டேன்னு சொல்வாங்க. தினமும் பாக்கற முகம் எனக்கு அது.

— ஆடிட்டர் பக்கத்துல சீட்டு விழுந்தது என் நேரம். சரி, சொல்லிடறேன். நான் கிளம்பற வரைக்கும் அவனுக்குத் தெரியாது. விமானத்துல ஏறி உக்காந்தப்புறம்தான் சொன்னேன்.

— ஏன், முன்னாடியே சொன்னா என்ன?

— முன்னாடியே கேட்டா, "இப்ப முடியாதுப்பா, அப்புறம் பாக்கலாம்"னு சொல்லிடுவான். சொல்லிட்டா நான் எப்படிக் கிளம்பறது? அதான் கேக்காம டிக்கெட் எடுத்தேன். உள்ள வந்து உக்காந்தேன், பெல்ட்டைப் போட்டேன். எல்லாரும் போனை ஃப்ளைட் மோடுல போடுங்கன்னு அந்தப் பொண்ணு சொன்னா பாருங்க, அப்பதான் அனுப்பினேன். "வந்துட்டிருக்கேன்பா. சாயங்காலம் இறங்கறேன். ஏர்போர்ட்டுக்கு வருவியா?" அவ்வளவுதான். அனுப்பின கையோட மோடை மாத்தி, போனைப் பைக்குள்ள போட்டு ஜிப்பை இழுத்துட்டேன். அதுக்கப்புறம் திறக்கலை.

— ரெண்டு பேருக்கும் சண்டையா?

— சண்டை போட்டிருந்தா நல்லா இருந்திருக்குமே! சமாதானம்னு ஒண்ணு இருந்திருக்கும். நான் என்ன சொல்றேன்னா, முதல்ல வாரா வாரம் கூப்பிட்டுட்டுதான் இருந்தான். அவங்கம்மா போனப்புறம் பாருங்க, "எப்படி இருக்கீங்க?", "நல்லா இருக்கேன்பா", "சாப்பிட்டீங்களா?", "ஆச்சுப்பா". அதுக்கு மேல ரெண்டு பேருக்கும் பேச்சே வரலை. அத்தனை வருஷமும் நடுவுல நின்னு அவதான் பேசிட்டிருந்திருக்கான்னு அப்பதான் எனக்குத் தெரிஞ்சுது. வாரம் மாசமாச்சு. மாசம் போய், கூப்பிடறதே நின்னு போச்சு. நானும் எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டேன்.

— அவர் வரலைன்னா நீங்க நேரா வீட்டுக்குப் போயிடுங்க.

— வீடு மாத்திட்டான். எங்கன்னு தெரியாது. நம்பர் மட்டும்தான் இருக்கு.

— அப்ப எங்க தங்குவீங்க?

— நாளைக்கே திரும்பறதுக்கும் டிக்கெட் எடுத்து வெச்சிருக்கேன். அது வரைக்கும் ஏர்போர்ட்டுல உக்கார இடமா இல்ல?

— என்ன சார் இது! இவ்வளவு செலவு பண்ணி, ஒரு நாற்காலியில உக்காந்துட்டு வர்றதுக்கா?

— அதுக்கு இல்லம்மா, இந்தப் பயணத்துக்கு. நான் போனைத் திறக்கற வரைக்கும் அவன் வர்றான், தெரியுமா? குளிச்சுட்டு சட்டை மாத்திக்கிட்டிருக்கான். வண்டிச் சாவியை எங்கயோ வெச்சுட்டு வீடு பூரா தேடறான், சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். அவசரமா வர்றான். போனைத் திறந்தா, "மீட்டிங் இருக்குப்பா"ன்னு ஒரு வரி இருக்கும். இல்லைன்னா அதுகூட இருக்காது. அதை நடு வானத்துல தெரிஞ்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்? இறங்கியா ஓட முடியும்?

— அதுவும் சரிதான்.

— எத்தனையோ நாள் வீட்டுல போனைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். அது அடிக்கலைன்னா, அவன் கூப்பிடலைன்னுதானே அர்த்தம்? இங்க அப்படி இல்ல. இங்க அது அடிக்காததுக்கு ஒரு காரணம் இருக்கு. இதுக்கு நீங்க என்ன விலை போடுவீங்க, சொல்லுங்க.

— கப்பைக் குடுத்துடறீங்களா சார்? மேடம், உங்களோடதும்.

— இந்தாங்கம்மா. ஆமா, உங்களுக்கெல்லாம் வைஃபை சும்மா குடுப்பாங்களா?

— எங்க சார்! வேலை நேரத்துல போனைத் தொடவே கூடாது. இறங்கினப்புறம்தான்.

— வீட்டுல தேட மாட்டாங்களா?

— எங்கம்மாவைக் கேக்காதீங்க. விமானம் எங்க போகுதுன்னு காட்டற ஆப் ஒண்ணு இருக்குல்ல, அதைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்துடுவாங்க. மேப்ல அந்தப் பொம்மை விமானம் நகருதான்னு பாத்துட்டே இருப்பாங்க. நான் இறங்கி போனை ஆன் பண்ணினா, "கடல் மேல போறப்ப கொஞ்ச நேரம் நின்னுட்ட மாதிரி இருந்துச்சே, ஏன்?"னு கேப்பாங்க. எவ்வளவு திட்டினாலும் கேக்க மாட்டாங்க சார்.

— திட்டாதீங்கம்மா.

— அதையேதான் எங்கப்பாவும் சொல்றாரு. வேற ஏதாவது வேணும்னா கூப்பிடுங்க.

— நல்ல பொண்ணு. என்னம்மா, நீங்க திடீர்னு போனைக் கவுத்து வெச்சுட்டீங்க?

— ஒண்ணும் இல்ல சார்.

— முகம் வாடிப் போச்சே. நான் என் புராணத்தைப் பாடி உங்களை நோகடிச்சுட்டேனா?

— நான் ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது.

— சொல்லுங்க.

— ஏறின உடனே வீட்டு குரூப்ல "கிளம்பிட்டேன்"னு போட்டேன். அக்கா, அண்ணன், அண்ணி, பெரியம்மா பசங்க, எல்லாரும் இருக்கற குரூப். எல்லாரும் பாத்துட்டாங்க. யார் யார் பாத்தாங்கன்னு பேரோட காட்டும். ஒருத்தர்கூட "பத்திரமா போ"ன்னு போடலை.

— நீங்க விடாம தட்டிட்டிருந்தீங்களே?

— எழுதி எழுதி அழிச்சிட்டிருந்தேன். பக்கத்துல ஒரு ஆள் இருக்கும்போது சும்மா போனைப் பாத்துட்டு உக்காந்திருக்க அசிங்கமா இருந்துச்சு.

— ஆபீஸ்ல இருந்து?

— நான் போய்ச் சேந்து ரிப்போர்ட் அனுப்பினா போதும் அவங்களுக்கு. போற கிளையில என்னைப் பாத்ததுமே பேச்சு நின்னுடும். ஆடிட்டர்கிட்ட யாரு சார் சிரிச்சுப் பேசுவா? வேலை முடிஞ்சா ஓட்டல் ரூம், டி.வி. முன்னாடியெல்லாம் வீட்டுல "ஏறிட்டியா, இறங்கிட்டியா, சாப்பாடு குடுத்தாங்களா"ன்னு ஆள் மாத்தி ஆள் கேப்பாங்க. போகப் போகப் பழகிடுச்சு. இவ எப்பவும் போறவதானேன்னு விட்டுட்டாங்க. கோவிச்சுக்கவும் முடியாது, யாரும் எந்தத் தப்பும் பண்ணலை.

— அப்புறமும் பெரிய பேக்கா வாங்கறீங்க.

— ஒவ்வொரு தடவையும். யாராவது தேடி, நான் கிடைக்காம போயிடக் கூடாதேன்னு. ஆக்சுவலா என்ன நடக்குதுன்னா, யாரும் தேடலைங்கறதைக் காசு குடுத்துத் தெரிஞ்சுக்கறேன். நீங்க சொன்னதைக் கேட்டப்ப எனக்குப் பொறாமையா இருந்துச்சு சார். உங்களுக்காவது ஒருத்தர் சட்டை மாத்திக்கிட்டிருக்காரு.

— இப்பக்கூட போனைத்தான் பாக்கறீங்க.

— பழக்கம் சார். கண்ணு தானா போகுது.

— உங்க நம்பரைச் சொல்லுங்கம்மா.

— எதுக்கு?

— சொல்லுங்க. அந்த இன்னொரு இடம் இன்னும் சும்மாதானே கிடக்குது?

— வேணாம் சார். விளையாடாதீங்க. நீங்க போனைத் திறந்தா அவர் போட்டது வந்து நிக்கும்.

— வந்து நிக்கட்டும்.

— இறங்கற வரைக்கும் அவர் வர்றாருன்னு இப்பதானே சொன்னீங்க? எனக்காக அதை ஏன் கெடுத்துக்கணும்?

— பாருங்க, இவ்வளவு நேரம் அனுபவிச்சாச்சு. மீதி நேரம் நான் ஜன்னலைப் பாத்துட்டு உக்காந்திருக்க, பக்கத்துல நீங்க வெறும் போனைப் பாத்துட்டு வருவீங்களா? தெரியாத வரைக்கும் சரி. தெரிஞ்சப்புறம் என்னால ஆகாது. அந்தப் பையை எடுங்க, உங்க காலுக்குக் கீழ இருக்கு.

— சார்ஜ் இல்லைன்னு சொன்னீங்களே, ஒயர் வேணுமா?

— சுத்தப் பொய். முக்கால்வாசி இருக்கு.

— தெரியும். குடுங்க, பாஸ்வேர்டு நான் போடறேன். கொஞ்சம் மெதுவாத்தான் வரும்... வந்துடுச்சு. இந்தாங்க. நான் எதையும் பாக்கலை.

— முதல்ல உங்களுக்கு. அது முடியற வரைக்கும் வேற எதையும் தொட மாட்டேன். நம்பரைச் சொல்லுங்க... ம்... ம்... இருங்க, என் விரல் தடி, ஒண்ணு அமுக்கினா ரெண்டு விழுது. வந்துச்சா?

— வந்துடுச்சு.

— சத்தமா படிங்க.

— "ஏறிட்டீங்களா? சாப்பாடு குடுத்தாங்களா? ஜாக்கிரதையா வாங்க. இப்படிக்கு, ஜன்னல் சீட்டு."

— சிரிக்கறீங்களா, அழறீங்களா?

— தெரியலை. பதில் போட்டிருக்கேன், பாருங்க.

— "ஏறிட்டேன் அண்ணே. சாப்பிட்டேன்." அண்ணனாயிட்டேனா? நல்லது.

— இப்ப அவரோடதைப் பாருங்கண்ணே. நான் வேணும்னா அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்.

— திரும்பாதீங்க. யாராவது கூட இருந்தா தேவலை. கண்ணாடியைத் தொடைச்சுப் போட்டுக்கறேன், இருங்க.

— மெதுவா பாருங்க. எது இருந்தாலும் இருக்கட்டும்.

— ம்.

— என்னண்ணே? வர முடியாதுன்னு போட்டிருக்காரா?

— இல்ல.

— ஒண்ணுமே போடலையா?

— அவன் எப்படிம்மா போடுவான்? அது போய்ச் சேர்றதுக்குள்ள அவசரத்துல மோடை மாத்தித் தொலைச்சிருக்கேன். நான் போட்டது இவ்வளவு நேரமும் என் போனுக்குள்ளயே கிடந்திருக்கு. நான் வர்றேங்கறதே இப்பதான், உங்களுக்கு அனுப்பினதோட சேந்து, அவனுக்குப் போயிருக்கு.