தெருவில் நுழையாத வண்டி

நான் ஐயம்பேட்டை பேருந்துக்குக் காத்திருந்தபோது, வீடுகளுக்குத் தண்ணீர் கேன் போடுபவர் ஒருவர் தம் நண்பரிடம் சொன்னார்: "பெரிய லோடு வண்டி வாங்கினதுல இருந்து தலையில சுமக்கறேன்பா."

"ஏன், ரிப்பேரா?"

"வண்டி ஜோரா இருக்குது. நெசவுக்காரங்க தெருவுல காலையில தறிக்குப் போற பாவு நூல தெரு நீளத்துக்கு நீட்டிக் கஞ்சி போடறாங்க. அது காயற வரைக்கும் இவ்ளோ அகலமான வண்டி உள்ள போவாது. முனையில நிறுத்திட்டு நடக்கறேன்."

"மறுபடியும் மூணு சக்கர வண்டியே வாங்கிடேன். ஓரமா பூந்து போவும்."

"எப்படிப்பா? பொண்ணு வீட்டுக்காரங்க இந்த வண்டியப் பாத்துத்தான் என் பையனுக்குச் சரின்னாங்க. தை மாசம் கல்யாணம்."

"பையன் கூடமாட ரெண்டு கேன் தூக்கலாம் இல்ல?"

அவர் கழுத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"அவன் வண்டியில கீறல் விழாம பாத்துக்கினு நிக்கறான்."