நகானிஷி சொன்ன வார்த்தை

ரொட்டியைச் சற்றுக் கருக வாட்டித் தின்பது என் வழக்கம். அன்று காலை ஆர்டித் எனக்கென்று இரண்டு துண்டுகளைக் கூடுதலாகத் தீயவிட்டு, "இந்தா உன் கரி" என்று தட்டில் வைத்தாள். ஆர்டித் என் மனைவி. ஐம்பதை நெருங்கும் வயதில் ஊர்ச் சமுதாயக் கல்லூரியில் வரலாறு படிக்கச் சேர்ந்திருந்தாள். சன்னலுக்கு வெளியே ஜனவரிப் பனிமூட்டத்தில் எங்கள் பீச் மரங்கள் ஒன்றுகூடத் தெரியவில்லை.

"மத்தவங்க மூலச் சான்று தேடி லைப்ரரி லைப்ரரியா அலையறாங்க. என் வீட்ல ஒண்ணு உக்காந்து முட்டை தின்னுது" என்றாள்.

மூலச் சான்று என்றால் நடந்ததை நேரில் கண்டவன். அவளுடைய ஆசிரியர் ஃபெரின் சொல்லிக்கொடுத்த சொல் அது. அவளை அழைத்துவர ஒருமுறை அந்த வகுப்புக்குப் போயிருக்கிறேன். மேசைமேல் கால் போட்ட பையன்கள். சிகரெட் துண்டுகள் ஊறிக் கிடந்த ஆறிப்போன காபி. செத்தவர்களைத் தோண்டி முகர்ந்து பார்ப்பதைப் படிப்பு என்கிறார்கள். எனக்குக் குமட்டிவிட்டது. வண்டியில் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் வீடு வந்தேன்.

தோட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முதலில் அங்கே மரம் வைத்தவர் நகானிஷி. ஜப்பானில் பிறந்தவர் பெயரில் நிலம் எழுத அந்த நாளில் கலிஃபோர்னியாவில் சட்டம் விடவில்லை. அதனால் நிலம் அவருடையது, பத்திரம் என் அப்பா பெயரில். இருவருக்கும் இடையே இருந்தது வாய்ப்பேச்சுதான். ஜப்பானோடு போர் வந்ததும் இங்கிருந்த ஜப்பானியர்களையெல்லாம் காவல் முகாமுக்கு அனுப்பினார்கள். பேருந்து ஏறுமுன் நகானிஷி எங்கள் கொட்டகைக்கு வந்தார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "நாங்க திரும்பி வர்ற வரைக்கும் வெச்சிருங்க" என்றார். அப்பா சரி என்றார். நான் பக்கத்தில் வாளி கழுவிக்கொண்டிருந்தேன்.

போர் முடிந்து அவர் திரும்பியபோது எனக்குப் பதினேழு வயது. அப்பா வாசலிலேயே நின்றுகொண்டு, "வெச்சுக்கோங்கன்னுதானே சொல்லிட்டுப் போனீங்க" என்றார்.

நகானிஷி என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீயும் இருந்தியே. நான் என்ன சொன்னேன்?"

"வெச்சுக்கோங்கன்னு சொன்னீங்க" என்றேன்.

எங்கள் மொழி அவருக்குத் தடுமாறும். அவர் உதடுகள் மெல்ல அசைந்தன. இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. பிறகு, பிழை தன்னுடையதுதான் என்பதுபோலத் தலையசைத்துவிட்டுப் போனார். ஒரு மனிதன் அப்படி எளிதாக விட்டுக்கொடுப்பது பார்க்கச் சகிக்கவில்லை.

அந்தப் பருவத்துக்கு ஃபெரின் வகுப்பில் கொடுத்த வேலை, போர்க்காலத்தில் உங்கள் தெருவில் என்ன நடந்தது என்று விசாரித்து வந்து வகுப்பில் பேசுவது. ஆர்டித் எங்கெங்கோ கேட்டு நகானிஷியின் மகள் சுமியேயைக் கண்டுபிடித்து ஃபோனில் பேசியிருந்தாள்.

"சாகிற வரைக்கும் அந்த மனுஷன் அதே வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டே இருந்தாராம், ஹார்லன். எங்க தப்பு விட்டோம்னு. சாப்பிடறப்பகூட. இன்னிக்கு சுமியே வகுப்புக்கு வர்றாங்க. நீயும் வா. நீ வாயத் தொறந்து சொல்லு."

"சொல்ல என்ன இருக்கு? வெச்சுக்கோங்கன்னார்."

"ஐயோ, காதப் பாரு. பொய் சொன்னா பீச்சுப்பழம் மாதிரி செவந்துடும் உனக்கு." அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன். தோட்டத்தத் திருப்பிக் குடுக்கறதப் பத்தியும் பேசிட்டுத்தான் வருவேன். பாதி என் பேர்ல இருக்கு, மறந்துடாத."

அவள் உதட்டோரம் மஞ்சள்கரு ஒட்டி உலர்ந்திருந்தது. இத்தனை வருடம் இந்த வாயையா முத்தமிட்டேன் என்று தோன்றியது. தட்டைக் கழுவி வைத்தேன். கையை இரண்டு தரம் கழுவினேன்.

எங்கள் தோட்டப் பாதை ரயில் தடத்தைக் கடந்துதான் சாலையில் ஏறும். அங்கே தடுப்பு கிடையாது. தனியார் கடவு என்பதால் ரயில் ஊதவும் ஊதாது. பனிமூட்டக் காலத்தில் எங்கள் பக்கத்தில் எல்லோரும் ஒன்றே செய்வார்கள். வண்டியில் இருப்பவரில் ஒருவர் இறங்கி முன்னே நடப்பார். தண்டவாளத்தில் கை வைத்துப் பார்ப்பார். அது நடுங்காமல் சும்மா கிடந்தால் எதிர்ப்பக்கம் போய் நின்று குரல் கொடுப்பார். ஓட்டுகிறவர் அந்தக் குரலை நம்பி வருவார். கல்யாணமான நாளிலிருந்து ஆர்டித்துக்கு அந்தக் குரல் நான்தான்.

அன்றும் நான் இறங்கினேன். தண்டவாளம் சில்லென்று இருந்தது. எதிர்ப்பக்கம் போய் நின்றேன். அவள் கண்ணாடியை இறக்கி, "என்ன, வரலாமா?" என்று கத்தினாள்.

"வா" என்றேன்.

ஷெரீஃபின் ஆட்கள் என் தோளில் போர்வை போர்த்தினார்கள். பனியில் எதுவும் தெரியாது, காதும் ஏமாற்றும் என்று அவர்களே எனக்குச் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் நான் யாரையும் எதுவும் செய்யவில்லை. கேட்டாள், சொன்னேன். வருவதும் நிற்பதும் அவள் கையில்தான் இருந்தது.

அடக்கம் முடிந்த வாரம் ஃபெரின் வீட்டுக்கு வந்தார். சாக்பீஸ் தூள் ஏறிய நகங்களோடு ஆர்டித்தின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சுமியே வகுப்பு முடியற வரைக்கும் காத்திருந்தாங்க சார். உங்களையும் எதிர்பார்த்தாங்க."

"என்னையா? எதுக்கு?"

"உங்க மனைவி போன்ல அவங்ககிட்ட சொல்லியிருந்தாங்களாம். என் வீட்டுக்காரர் மொதல்ல மாட்டேம்பார், அப்புறம் அவரே வந்து சொல்லுவார், நல்ல மனுஷன்னு."

அவர் போனபிறகு குளியலறையில் வாந்தி எடுத்தேன். இவ்வளவு காலம் என்னோடு வாழ்ந்தவள் என்னைப் பற்றி அப்படி நினைத்திருந்தாள் என்பது எனக்கு அருவருப்பாக இருந்தது. இன்றும் அருவருப்பாகத்தான் இருக்கிறது. இதையெல்லாம் எழுதுவதே, அவள் எண்ணியது தவறு என்று எங்காவது பதிவாக வேண்டும் என்பதற்குத்தான். நகானிஷி சொன்னது வெச்சிருங்க. தண்டவாளம் என் உள்ளங்கையில் நடுங்கியது. நடுங்கியபிறகுதான் வா என்றேன்.

தோட்டத்தை நல்லபடியாகத்தான் பார்த்துக்கொள்கிறேன். முறைத் தண்ணீர் வரும் நாளில் கால்வாய் ஆள் ஃபோன் செய்வான். இந்தப் பக்கத்து மடைகளுக்கெல்லாம் முதலில் பயிர் வைத்தவர்களின் பெயர்தான், யாரும் மாற்றியதில்லை.

"நகானிஷிக்குத் தண்ணி விட்டாச்சு" என்பான்.

"சரி" என்பேன்.